தண்டவாளத்தைச் சிமென்டில் புதைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டத்தில் குட்டி ரயில் ஓட்டுவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பேப்பரைப் பிரித்ததும் நான் போட்ட சத்தத்தில், ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து என் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள். இந்தக் கிறுக்கு நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, பேப்பரிலேயே படத்தோடு வந்தால் எப்படி இருக்கும்? இரண்டு தடவை படித்தேன். ஆனால் இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. "சிமென்ட் தளம் போட்டு அதிலேயே தண்டவாளத்தைப் பதித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். அந்த வரியை நம்பி யாராவது இந்த வாரம் சிமென்ட் மூட்டையைப் பிரித்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் ஏழு வருடத்துக்கு முன்னால் நான் அதையேதான் செய்தேன். கொல்லைப்புறத்தில் மதில் ஓரமாக 12 மீட்டர் நேர்ப்பாதை. ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, ஈரச் சிமென்டில், தண்டவாளத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் கட்டைகள் பாதி அமுங்கும்படி பதித்து, கரணையால் நானே இழைத்தேன். முடித்துவிட்டு ஒரு ஓரமாகக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அம்பு மாதிரி போகிறது. எனக்கு ஒரே பெருமை. முதல் கோடை வந்தது. ஒரு நாள் மதியம் போய்ப் பார்க்கிறேன், பாதை நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் குட்டிக் கொக்கிகள் இருக்குமே, சுண்டுவிரல் நகத்தில் பாதி கூட இருக்காது, அவை வரிசையாகத் தெறித்துச் சிமென்ட் மேல் கிடந்தன. பொறுக்கினேன், இருபதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

கணக்கு எளிதுதான், நான்தான் முன்பே போட்டுப் பார்க்கவில்லை. என் தண்டவாளம் பித்தளை. பித்தளை, ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு நீளும். விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலில் கொதிக்கிற உலோகத்துக்கும் 38 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டருக்கு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். இவ்வளவுதானே என்று தோன்றும். அந்த 9 மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை என்றால், இரண்டு முனையும் அசையாமல் இருந்தால், அது பக்கவாட்டில்தான் போகும், அப்படிப் போகும்போது எந்தக் கொக்கியும் அதைப் பிடித்து நிறுத்தாது. அலுமினியம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நீளும். பெரிய ரயில்வேயிலும் வெயிலில் தண்டவாளம் நெளிகிற ஆபத்து இருக்கிறதே, அதனால்தான் கட்டைகளின் இரண்டு தோளிலும் ஜல்லியை அவ்வளவு உயரத்துக்குக் குவித்து வைக்கிறார்கள். அவர்கள் இரும்பை இறுக்கிப் பிடித்து அடக்குகிறார்கள். நமக்கு அந்த வலு கிடையாது, நாம் அதை நகர விட்டுவிட வேண்டியதுதான்.

சிமென்டை உடைக்க வந்த கொத்தனார் உளியை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "மொட்டை மாடியில ஓடு பதிக்கிறதுக்கே நாங்க நடுவுல சந்து விடுவோம் சார், நீங்க இரும்பைக் கொண்டுவந்து அடைச்சு வெச்சிருக்கீங்களே" என்றார். இரும்பில்லை, பித்தளை என்று நான் திருத்தினேன். வேறு என்ன சொல்ல?

அப்புறம் அவரே இன்னொன்று கேட்டார். "தண்ணி எந்தப் பக்கம் போகுது?" அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை. தோட்ட ரயில் என்றால் எல்லோரும் முதலில் என்ஜின் பார்ப்பார்கள், பெட்டி பார்ப்பார்கள், குட்டி ஸ்டேஷன் கட்டுவார்கள். எனக்குக் கேட்டால் முதல் வேலை, ஒரு நல்ல மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்று தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்ப்பதுதான். பாதை அந்த வழியைக் குறுக்கே மறித்தால் ஒன்று அது அணையாகிவிடும், இல்லையென்றால் அடித்துக்கொண்டு போய்விடும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. இப்போது அந்த இடத்தில் பாதைக்கு அடியில் ஒரு பைப் போட்டு மேலே குட்டி மதகு மாதிரி கல் அடுக்கியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள்.

சிமென்டுக்குப் பதில் என்ன செய்வது என்றால், நான் இப்போது செய்வது இதுதான். ஒரு சாண் அகலம், அரைச் சாண் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, அடியில் களை வராமல் தடுக்கிற, ஆனால் தண்ணீர் இறங்குகிற துணியை விரித்து, அதன் மேல் கல் உடைக்கும் இடத்தில் சலித்து மிஞ்சுகிற சில்லும் தூளும் கலந்ததை நிரப்பித் திம்சு போடுகிறேன். தண்டவாளத்தை அதன் மேல் சும்மா வைத்துவிட்டு, கட்டைகளுக்கு இடையில் இன்னும் கொஞ்சம் சில்லைக் கொட்டி, பழைய பெயின்ட் பிரஷால் தள்ளி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் இறுகிக்கொள்ளும். உடைத்த கல்லாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். முனை முனையாக இருக்கிற சில்லுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அழகாக இருக்கிறதே என்று பொடிக் கூழாங்கல்லைப் போட்டீர்களோ, கோலிக்குண்டு மேல் ரயில் விட்ட கதைதான், ஒரே வாரத்தில் பாதை ஊர்ந்துவிடும். ஜல்லியில் மிதக்கிற பாதை வெயிலில் வளைவுகளில் கொஞ்சம் வெளியே தள்ளும், ராத்திரியில் திரும்ப உள்ளே வந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து, அமுங்கின இடத்தில் கட்டைக்கு அடியில் சில்லைக் குத்திவிட்டு மட்டம் பார்க்க வேண்டியிருக்கும். அது தொந்தரவுதான், இல்லை என்று சொல்லவில்லை.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் தளமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மரத்தின் வேர் தூக்குகிற இடத்தில், மண் சரிகிற இடத்தில், அடியில் கான்கிரீட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அவர்கள் பாதையைத் தளத்தின் மேல் விடுதலையாக வைத்து, அங்கங்கே ஒரு திருகாணி, அதுவும் நீள ஓட்டையில் இறுக்காமல், போட்டிருப்பார்கள். தளம் இருக்கலாம். தண்டவாளத்தை அதில் புதைப்பதுதான் தப்பு.

இன்னொரு குழப்பம், அளவு பற்றி. கட்டுரையில், தோட்ட ரயிலுக்குச் சொல்கிற ஜி அளவு என்றால் ஒரே அளவு என்பது போல எழுதியிருந்தது. தண்டவாளத்தின் இடைவெளிதான் ஒன்று, 45 மில்லிமீட்டர். அதன் மேல் ஓடுகிற வண்டிகள் ஒரே அளவில்லை. இந்த வகை ரயிலை எல்ஜிபி என்ற பெயரில் 1968ல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் லேமான் என்ற பழைய பொம்மைக் கம்பெனி கொண்டுவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது மீட்டர் கேஜ் ரயிலை. 1,000 மில்லிமீட்டரை 45ஆக்கினால் கிட்டத்தட்ட 22.5ல் ஒரு பங்கு வருகிறது, அதுதான் அவர்கள் அளவு. பிறகு வந்தவர்கள் அதே 45 மில்லிமீட்டர் பாதையில் மூன்றடி கேஜ் ரயிலைக் காட்ட 20.3ல் ஒரு பங்கு செய்தார்கள், 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜைக் காட்ட 32ல் ஒரு பங்கு செய்தார்கள், நடுவில் 29ல் ஒரு பங்கு என்று வேறு ஒன்று. எல்லாம் ஒரே பாதையில் ஓடும், ஒன்றோடு ஒன்று பக்கத்தில் நின்றால் மட்டும் அப்பா சட்டையைப் பையன் போட்ட மாதிரி இருக்கும். முதல் வருடம் நான் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கினேன். இப்போதும் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது, அதன் வாசலில் என் டிரைவர் பொம்மை குனிந்துதான் நுழைய முடியும்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. 22.5ல் ஒரு பங்கு என்றால் 170 சென்டிமீட்டர் ஆள் ஏழரை சென்டிமீட்டர் வருவான். அந்த உயரத்துக்கு ஒரு அட்டை மனிதனை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்கும்போது வாசலில் வைத்துப் பாருங்கள், பாலம் கட்டும்போது கைப்பிடி ஓரம் நிறுத்திப் பாருங்கள், முக்கியமாகச் செடி வாங்கும்போது. இலை அவன் மார்பளவு இருந்தால் அது மரமாகத் தெரியாது, காட்டுக்குள் குட்டி மனிதன் மாட்டிக்கொண்ட மாதிரிதான் தெரியும். இலை சிறுத்த, மெல்ல வளர்கிற, கத்தரித்தால் கோபித்துக்கொள்ளாத செடிகள்தான் வேண்டும். பத்து மணிப் பூ தரையோடு படர்ந்தால் அவனுக்குப் புதராகிவிடும். என் அட்டை மனிதன் நாலைந்து மழை பார்த்துவிட்டான், தலையில்லாமல்தான் இருக்கிறான், உயரம் தெரியும் என்பதால் மாற்றவில்லை.

வளைவு, ஏற்றம் இரண்டைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. கடைப் பெட்டியில் வருகிற வளைவு 60 சென்டிமீட்டர் ஆரம், 12 துண்டு சேர்த்தால் ஒரு வட்டம். அதில் குட்டி என்ஜின் ஓடும். நீளமான பெட்டிகளைப் பூட்டினால் மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று இடிக்கும். இடமிருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு ஆரம் போடுங்கள், அப்போதுதான் வண்டி திரும்புவது கண்ணுக்குப் பாந்தமாக இருக்கும். ஏற்றம் நூற்றுக்கு இரண்டு, அவ்வளவுதான். நான் ஒரு பாதை இன்னொன்றின் மேல் தாண்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கீழே வண்டி தலை இடிக்காமல் போக, பாலத்தின் தடிமனையும் சேர்த்து 25 சென்டிமீட்டர் ஏற வேண்டும், நூற்றுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டரை மீட்டர் தூரம் வேண்டும். என்னிடம் இருந்தது ஐந்து மீட்டர். பார்த்துக்கொள்ளலாம் என்று நூற்றுக்கு ஐந்தில் ஏற்றினேன். என்ஜின் தனியாக ஏறியது. மூன்று பெட்டியோடு பாதி தூரம் போய் அங்கேயே நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது, பெட்டியைக் குறைத்து மேலே ஏற்றினால், உச்சியில் பாதை சட்டென்று மடங்குகிற இடத்தில் பெட்டியை இழுக்கிற கொக்கி கழன்று, பெட்டிகள் மட்டும் பின்னால் ஓடிவந்து ரோஜாத் தொட்டியில் முட்டின. இப்போது பாலமும் இல்லை, ஏற்றமும் இல்லை. தொட்டியில் ஒரு வெட்டு மட்டும் இருக்கிறது.

மின்சாரம் பற்றிக் கட்டுரையில் "பிளக்கைச் சொருகினால் போதும்" என்று இருந்தது. ஐயா, இந்த வரியையும் திருத்த வேண்டும். வீட்டு மின்சாரம் தோட்டத்துக்கே வரக் கூடாது. மின்மாற்றி வீட்டுக்குள், நனையாத இடத்தில், கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற பிரேக்கரின் பின்னால் இருக்க வேண்டும். வெளியே போவது 24 வோல்ட்டுக்குள் அடங்கிய டிசி மட்டும்தான். ஈரப் புல்லில் முட்டி போட்டுக்கொண்டு கையில் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை இது, விளையாட்டில்லை.

அந்தக் குறைந்த மின்சாரமும் வெளியில் கிடக்கிற பித்தளை வழியாக ஒழுங்காகப் போகாது. மேலே களிம்பு ஏறிவிடும். தினமும் ஓட்டுவதற்கு முன்னால் தேய்த்துவிட வேண்டும், துண்டும் துண்டும் சேர்கிற இடமெல்லாம் தகராறு செய்யும். இதில் வளையம் ஒரு தனிக் கதை. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே திரும்பட்டும் என்று பாதையைக் கண்ணி மாதிரி வளைத்து அதிலேயே கொண்டுவந்து சேர்த்தேன். கடைசித் துண்டை மாட்டின நிமிடம் எல்லாம் செத்துவிட்டது. மின்மாற்றி கெட்டுவிட்டது என்று கழற்றி, கடையில் கொடுத்து, நன்றாக இருக்கிறது என்று திரும்பி வாங்கி, இப்படி இரண்டு வாரம் போனது. பக்கத்து வீட்டுப் பையன், பத்தாவது படிக்கிறான், சாக்பீஸை எடுத்து வலது தண்டவாளத்தின் மேல் கோடு போட்டுக்கொண்டே நடந்தான். வளையத்தைச் சுற்றி வந்து பார்த்தால் கோடு இடது தண்டவாளத்தில் போய் முடிகிறது. "மாமா, பிளஸும் மைனஸும் ஒண்ணாப் போச்சு" என்றான். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் பிரித்து, நடுவில் மின்சாரம் கடத்தாத இணைப்புப் போட்டு, வளையத்துக்குத் தனி ஸ்விட்ச் வைத்தால் சரியாகிவிடும் என்று அப்புறம் தெரிந்தது. இரண்டு வருடமாக நான் அந்தப் பக்கமே போவதில்லை. என்ஜினுக்குள்ளேயே பேட்டரி, கையில் ரேடியோ கன்ட்ரோல். தண்டவாளம் வெறும் தண்டவாளமாக இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான், இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

உண்மையான நீராவியில் ஓடுகிற குட்டி என்ஜின்களும் உண்டு, எரிவாயுவில் கொதிகலன் சூடாகி, பாதுகாப்பு வால்வு வழியாகச் சீறிக்கொண்டு. அந்த வாசனைக்கு அடிமையானவர்கள் வேறு எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னிடம் இல்லை, ஆசை இருக்கிறது. இந்த ஆசை எங்கே போய் முடியும் என்பதற்கு வால்ட் டிஸ்னி சாட்சி. லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற அளவில், ஏழே கால் அங்குல இடைவெளியில், சுமார் 800 மீட்டருக்குப் பாதை போட்டு 1950ல் நீராவி என்ஜின் ஓட்டியவர் அவர். என்ஜினுக்கு மனைவி பெயரை வைத்தார், மனைவியின் பூப்பாத்தி கெடாமல் இருக்க அதன் அடியில் 90 அடிக்குச் சுரங்கம் தோண்டினார், அதுவும் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியாதபடி வளைத்து. 1953ல் விருந்துக்கு வந்த ஒருவர் ஓட்டும்போது வண்டி தடம் புரண்டு, நீராவி பட்டு ஒரு சின்னப் பெண்ணுக்குக் காயம் ஆனது. அதோடு அவர் அந்த என்ஜினை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இரண்டே வருடத்தில் டிஸ்னிலேண்டைத் திறந்து அதைச் சுற்றிப் பெரிய ரயிலையே ஓட விட்டது வேறு விஷயம்.

வேகத்தைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். வருகிற பிள்ளைகள் எல்லாம் முழு வேகத்தில் திருகிவிடுவார்கள், வண்டி எலி மாதிரி ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர் போகிற கிளைப்பாதை ரயிலை 22.5ஆல் வகுத்தால் நொடிக்கு 37 சென்டிமீட்டர்தான் வரும். என் பாதையை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த வேகத்தில் போனால்தான் தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்கும். நான் நாற்காலியைப் போட்டு உட்காருவது அதற்காகத்தான்.

காலையில் எழுந்ததும் பாதை முழுக்க ஒரு நடை நடந்து பார்க்காமல் வண்டியை எடுக்க முடியாது. ராத்திரி நத்தை தண்டவாளத்தின் மேல் ஊர்ந்திருந்தால் அந்தப் பசையில் சக்கரம் வழுக்கும். பாதை இரண்டாகப் பிரிகிற பாயின்ட்டில், வண்டியைத் திருப்பிவிடுகிற நாக்குக்கு இடையில் எறும்பு மண் தள்ளியிருக்கும், நாக்கு சேராமல் அரை மில்லிமீட்டர் நின்றாலும் முதல் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டுப் பையன்தான் இப்போது எனக்குப் பாதையைப் பார்த்துக்கொள்கிற கேங்மேன். பல்துலக்கும் பழைய பிரஷோடு வருவான்.

கடைசியாக, உங்கள் படத்தில் ஒரு சுரங்கம் தெரிகிறது. பக்கத்தில் இருக்கிற நாற்காலியை வைத்துப் பார்த்தால் மூன்று மீட்டராவது இருக்கும், மேலே மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள், மூடி எதுவும் தெரியவில்லை. வண்டி எங்கே தடம் புரளும் என்று கேட்டால் சுரங்கத்தின் நட்ட நடுவில்தான் புரளும், என் அனுபவத்தில் வேறெங்கும் இல்லை. தோள் வரை கையை விட்டாலும் 60, 70 சென்டிமீட்டர்தான் எட்டும், அதற்கு அந்தப் பக்கம் இருப்பது என்ஜினா, பூனையா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் கையை விடக் கூடாது. அந்தத் தோட்டத்துக்காரரிடம் சொல்லி, மேலே கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள், இப்போதே. வண்டி உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு புல்லை வெட்ட மனசு வராது.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடமில்லை என்றால் வால்ட் டிஸ்னியை வெட்டுங்கள், என் அட்டை மனிதனையும் வெட்டிக்கொள்ளுங்கள், அவனுக்கு ஏற்கெனவே தலை இல்லை. சிமென்ட் பத்தியையும் பிளக் பத்தியையும் மட்டும் தயவுசெய்து தொடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்